நான்கு கோடுகளுக்குள் கதை

படிவத்தில் ஓவியத்தின் பெயர், அளவு,
வரைந்தவர்.
கடைசியில் ‘கதை’, அதற்கு நான்கு கோடு.
லாக்லன் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு
என் வாயைப் பார்க்கிறான்.

எழுதிக்கொள். இது தண்ணீர்.

எந்தத் தண்ணீர் என்கிறான்.
கெட்ட பையனில்லை,
மெல்போர்னில் குழாயைத் திருகி வளர்ந்தவன்.

நடுவில் வட்டத்துக்குள் வட்டம், அது ஊற்று.
போய் நின்றால் வெறும் மணல்தான் தெரியும்.
பக்கத்தில் ரத்தநிறப் பிசின் வடியும் மரம்,
ஒடிந்த கிளை பொழுது சாயும் பக்கம்.
முழங்கை ஆழத்தில் ஈரவாசனை,
தோள் ஆழத்தில் விரல்நுனிக்குக் குளிர்.
அப்புறம் தோண்டாதே. பேசாதே.
பால் சுரக்கிற மாதிரி
அது தன் நேரத்துக்கு வரும்.

சுற்றிலும் லாடம் லாடமாய் இருப்பது நாங்கள்.
பெண்கள் உட்கார்ந்து எழுந்துபோன பிறகு
மணல் ஞாபகம் வைத்துக்கொள்வது
அந்த வடிவத்தைத்தான்.
அருகே நேர்கோடு, தோண்டுகோல்.
இப்போது கொண்டுபோவது கடப்பாரை,
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இரும்புக்கடையில்
முப்பத்தொரு டாலர்.

நீலமெல்லாம் வில்மா வைத்தது.
என் அண்ணன் மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள்.
சிரிக்காதே, எங்களில் அப்படித்தான்.
அவள் நாம்பிஜின்பா, நான் நாங்கலா,
ஊற்று இருவருக்கும் சொந்தம்.
கேன்வாசைத் தரையில் விரித்து
ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்தோம்.
அவளுக்கு நேராக இருப்பது எனக்குத் தலைகீழ்.
எது மேல்பக்கம் என்று கேட்கிறாயே,
நிலத்துக்கு ஏது மேல்பக்கம்?
எங்கிருந்து நடந்து வருகிறாயோ அங்கிருந்து பார்.

மஞ்சளில் தெரியும் அந்த நான்கு மிதிதடம்
கதையில் இல்லை.
வில்மாவின் நாய் ஈரத்தில் நடந்துவிட்டது.
துடைக்கத் துணி எடுத்தேன்.
விடு, அதுவும் தண்ணீருக்குத்தானே போகிறது என்றவள்
ஒவ்வொரு தடத்தையும் சுற்றி
வெள்ளைப்புள்ளி வைத்தாள்.

இதை எழுதாதே, சும்மா கேள்.
போன குளிர்காலம் ஆழ்துளைக் கம்பெனி வந்தது.
வானத்திலிருந்து எடுத்த படம், மூன்று லாரி.
முதல் துளையில் உப்பு.
இரண்டாவதில் தூசிதான் எழும்பியது,
காயப்போட்ட துணியெல்லாம் சிவப்பு.
மூன்றாம் நாள் பொறியாளர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்,
தண்ணீர் எங்கே இருக்கும் என்று.
வில்மா டீ போட்டுக் கொடுத்தாள்.
இரண்டு குவளை குடித்தார்.
டீக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று
அவர் கேட்கவேயில்லை.

லாக்லன் விரலை வைக்கிறான்:
இங்கே மட்டும் புள்ளிகள் ஏன் இவ்வளவு நெருக்கம்?

அங்கே முதலில் ஒன்று வரைந்தோம்,
பெண்கள் மட்டும் இருந்த மத்தியானத்தில்.
பிறகு அதன்மேல் புள்ளி, புள்ளிமேல் புள்ளி,
தூங்கும் பிள்ளைக்கு ஈ மொய்க்காமல்
போர்த்துகிற மாதிரி.
வாங்குகிறவர் வாங்கிப்போவது போர்வையை.
நல்ல போர்வைதான், விலைக்குத் தகும்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
மழைக்குப் பின் வரும் பூக்கள், எழுது என்றேன்.
பொய்யில்லை. பெய்தால் அங்கே பூ வரும்.

நான்கு கோடும் நிரம்பிவிட்டது அவனுக்கு.
கையெழுத்துக்குக் காகிதத்தைத் திருப்பினான்.

அப்போது போன். வில்மா.
ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாரம் மூன்று நாள்
இயந்திரம் அவள் ரத்தத்தை வெளியே எடுத்துக்
கழுவித் திருப்பிக் கொடுக்கிறது, ஐந்து மணி நேரம்.
அந்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு
கேன்வாசை ஓரம் ஓரமாய் நடந்து பார்த்திருக்கிறாள்.
பின்னால் ஏதோ பீப் பீப் என்கிறது.

கிழக்கே, பாறைக்குப் பின்னால்,
சின்னக் குழி ஒன்று விட்டுப்போச்சு.
மழை பெய்து எட்டு நாள்தான் அதில் நிற்கும்.
ஆனாலும் தண்ணீர்.

பேனாவை மூடு, லாக்லன்.
அந்த நீல டப்பாவை இப்படித் தள்ளு.